விலா எலும்பு ஒட்டும்!

பேரிகை பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் பொத்தென்று விழுகிறார். பேச்சில்லை, மூச்சில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? சோடா வாங்க ஓடுவீர்கள். விவரம் தெரிந்த யாராவது நெஞ்சை அழுத்தப் போனால், 'ஏங்க, எலும்பு உடைஞ்சுடப் போகுது' என்று தடுப்பீர்கள்.

உடையும்தான் சார்! பெரியவர்களுக்கு நெஞ்சு 5 சென்டிமீட்டராவது கீழே இறங்கணும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தணும். அதில் விலா எலும்பு முறிவது சகஜம். அது ஒட்டிக்கொள்ளும். ரத்தம் போகாத மூளை நாலைந்து நிமிஷத்தில் சாக ஆரம்பிக்கும். அது ஒட்டாது. ஓசூர் பெரிய ஆஸ்பத்திரியோ 20 கிலோமீட்டருக்கு அப்பால்.

டாக்டர்தான் செய்யணுமா? 1960-ல் இந்த வித்தையை உலகுக்குச் சொன்ன மூன்று அமெரிக்கர்களில் கௌவன்ஹோவன் மருத்துவம் படித்தவரே அல்ல. எலெக்ட்ரிகல் எஞ்சினியர்!

'நாளைக்கு கேஸ் வந்தா?' என்பீர்கள். நியாயம். சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு, 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால், லாரி எதுவும் மோதாமல், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற தொழிலாளிக்கு இதயம் நின்றுபோனால்? அந்தப் பிரிவு வாயைத் திறக்காது. நல்லெண்ணத்தில் செய்தது குற்றமில்லை என்று குற்றவியல் சட்டத்தில் பொதுவாக ஒரு விலக்கு இருக்கிறது. அது வக்கீல்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நிற்பவனுக்குத் தெரியுமா? லாரி மோதினால் ஒரு நியாயம், இதயம் நின்றால் ஒரு நியாயமா? அதே பாதுகாப்பை இதற்கும் வெளிப்படையாக எழுதிவைத்தால் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்?

அதுவரை காத்திருக்காதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். விலா உடைஞ்சுபோச்சே என்று அவர் நாளைக்கு உங்களைத் திட்டினால் திட்டட்டும். உயிரோடு இருக்கிறவர்தானே திட்ட முடியும்?