முன்பள்ளி ஆசிரியைக்குச் சம்பளம் இல்லாமல் தரம் எங்கிருந்து வரும்?

வருட இறுதியானால் எமது ஊர்களில் முன்பள்ளி விடுகை விழாக்கள் களைகட்டிவிடும். ஐந்து வயதுப் பிள்ளைகள் பட்டதாரிகளைப் போல மேலங்கியும் தொப்பியும் அணிந்து மேடையேறுவார்கள். மண்டபம், ஒலிபெருக்கி, வீடியோ, பரிசுகள் என்று செலவு கூடிக்கொண்டே போகும். அந்தப் பிள்ளைகளை உருவாக்கிய ஆசிரியை மாதம் எவ்வளவு பெறுகிறார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. ஆனால் அது முதலாம் தரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வருடங்களைப் பெற்றோரே தமது கைக்காசில் பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. பெரும்பாலான முன்பள்ளிகளைத் தனியாரும் தொண்டு நிறுவனங்களும் பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் போன்ற சமய நிறுவனங்களுமே நடத்துகின்றன. வசதியுள்ளவரின் பிள்ளைக்கு நல்ல முன்பள்ளி கிடைக்கிறது. கூலித்தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைத்ததுதான் முன்பள்ளி.

13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பில் வருகின்றன. கிழக்கு மாகாணத்தில் இதற்கென முன்பள்ளிக் கல்விப் பணியகமும் இருக்கிறது. ஆனால் மாகாண சபைத் தேர்தல்கள் பல வருடங்களாக நடக்கவில்லை. ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடக்கிறதே தவிர, இந்தப் பிரச்சினையைச் சபையில் எழுப்ப மக்கள் பிரதிநிதி இல்லை.

தரம் பற்றிப் பேசும்போதெல்லாம் கட்டடம், விளையாட்டு முற்றம், டிப்ளோமாத் தகைமை என்று நிபந்தனைகள் முன்வைக்கப்படுகின்றன. அவை தேவையானவைதான். ஆனால் பணம் ஒதுக்காமல் நிபந்தனைகளை மட்டும் இறுக்கினால் முதலில் மூடப்படுவது ஏழைக் கிராமத்தின் முன்பள்ளியாகவே இருக்கும். தரத்தைக் காப்பாற்றப் போய் வாய்ப்பையே பறித்துவிடக் கூடாது.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் முன்பள்ளி ஆசிரியர்களின் மாதாந்தக் கொடுப்பனவு 1,000 ரூபாவால் கூட்டப்பட்டது. பிள்ளை ஒருவரின் காலை உணவுக்கான ஒதுக்கீடும் 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவானது. வரவேற்கத்தக்க நடவடிக்கைகள்தான். ஆனால் கொடுப்பனவு சம்பளமாகாது. ஓய்வூதியமோ ஊழியர் சேமலாப நிதியோ இல்லாத தொழிலில் திறமையானவர்கள் எத்தனை வருடம் நிற்பார்கள்? அனுபவம் பெற்ற ஆசிரியை வேறு வேலை தேடிப் போக, பயிற்சியற்ற புதியவர் வருகிறார். விளையாட்டாலும் கதையாலும் பேச்சாலும் கற்க வேண்டிய வயதில் பிள்ளையின் கையில் பென்சிலும் வீட்டுவேலையும் திணிக்கப்படுகின்றன. பெற்றோரும் அதையே கேட்கிறார்கள்.

2026இல் முதலாம் தரத்தில் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பமானது. அந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சமமான அத்திவாரத்தோடு வருவதில்லை என்பதற்கு அதில் என்ன பதில் இருக்கிறது? 2030க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தரமான முன்பள்ளிக் கல்வி என்ற ஐ.நா. நிலைபேறான அபிவிருத்தி இலக்கை எமது நாடும் ஏற்றிருக்கிறது. முதலாம் தரத்துக்கு முந்திய ஒரு வருடத்தையாவது இலவசக் கல்விக்குள் கொண்டுவந்து, ஆசிரியைக்கு அரசாங்கம் சம்பளம் வழங்க வேண்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

அதுவரை பள்ளிவாசல் நிர்வாகங்களும் சும்மா இருக்கத் தேவையில்லை. தமது முன்பள்ளிகளில் நிலையான மாதச் சம்பளத்தை உறுதி செய்யலாம். ஆசிரியையின் டிப்ளோமாக் கட்டணத்தைப் பொறுப்பேற்கலாம். ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு ஸகாத் நிதியிலிருந்து உதவலாம். விடுகை விழாச் செலவில் பாதியைக் குறைத்தாலே இவற்றில் ஒன்றையாவது இந்த வருடம் ஆரம்பிக்க முடியும்.