கே.வி-2 டாங்கியின் பெரிய பீரங்கி: கத்தி விழுந்தது யார் மேல்?

'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' ஆடுபவர்களிடம் போய் "கே.வி-2" என்று சொன்னால் போதும். ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் பல்லைக் கடிப்பார்கள். நடுவில் நிற்கும் ஆளே கிடையாது. சிரிப்பவர்கள் அந்த டாங்கிக்குள் உட்கார்ந்து சுட்டவர்கள். பல்லைக் கடிப்பவர்கள் அதன் குண்டை வாங்கிக்கொண்டு, ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே வெளியே போனவர்கள். பெரும்பாலோர் இரண்டு அனுபவத்தையும் பார்த்தவர்கள்தான் என்பது வேறு விஷயம்!

இந்த டாங்கியின் புகழுக்கெல்லாம் காரணம் அதன் 152 மி.மீ. எம்-10 ஹவிட்சர் பீரங்கி. அந்தப் பீரங்கியை அடக்குகிறோம் என்று விளையாட்டை நடத்துபவர்கள் 2021-ல் செய்த மாற்றம் தவறான பக்கத்தை வெட்டிவிட்டது. எளியவனை அடிக்கும் பலத்தை விட்டுவைத்து, வலியவனைக் கீறும் பலத்தைத்தான் குறைத்தார்கள்.

முதலில் விளையாட்டைப் பற்றி

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக. பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் தொடங்கிய வார்கேமிங் நிறுவனம் 2010-ல் ரஷ்யாவிலும், 2011-ல் மற்ற நாடுகளிலும் வெளியிட்ட விளையாட்டு இது. பக்கத்துக்கு 15 பேர். ஆளுக்கு ஒரு டாங்கி. டாங்கி அழிந்தால் அந்த ஆட்டத்தில் அவர் பாடு முடிந்தது, மறுபிறவி கிடையாது. டாங்கிகள் வலிமைப்படி நிலை நிலையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கே.வி-2 ஆறாம் நிலை. 2021-க்கு முந்தைய ஆட்டங்களில் ஆறாம் நிலைக்காரர் எட்டாம் நிலை டாங்கிகளோடு மோத வேண்டிவருவது சர்வ சாதாரணம். பள்ளி அணியைக் கல்லூரி அணியோடு கபடி ஆட விட்டது மாதிரி.

ஒவ்வொரு டாங்கிக்கும் இத்தனை உயிர்ப் புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. குண்டு எதிரியின் கவசத்தைத் துளைத்தால் புள்ளி குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் டாங்கி காலி. இதற்கென இரண்டு முக்கியமான குண்டுகள். ஒன்று கவசத்தைத் துளைக்கும் குண்டு: துளைத்தால் சேதம், துளைக்காவிட்டால் ஒன்றுமில்லை. மற்றது வெடிகுண்டு: துளைக்கும் திறன் குறைவு, ஆனால் துளைத்து உள்ளே வெடித்தால் சேதம் மிக அதிகம்.

கே.வி-2-வின் வெடிகுண்டு துளைத்துவிட்டால் சராசரி சேதம் 910 புள்ளி. ஒவ்வொரு குண்டுக்கும் 25 சதவீதம் கூடவோ குறையவோ பகடை உருட்டப்படும். அதாவது சுமார் 682-லிருந்து 1137 வரை எதுவும் விழலாம். ஆறாம் நிலை டாங்கிகள் பலவற்றின் மொத்த உயிரே ஆயிரத்தை எட்டாது. ஒரே குண்டு... கதை முடிந்தது!

சும்மா கிடைத்த பலம் அல்ல

இதைக் கேட்டதும் "இது அநியாயம்" என்று தோன்றும். ஆனால் இந்தப் பீரங்கி ஒவ்வொரு குண்டுக்கும் விலை கொடுக்கிறது.

முதல் விலை, காத்திருப்பு. ஒரு குண்டு போட்டால் அடுத்ததை நிரப்பச் சுமார் இருபது வினாடி ஆகும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது வினாடி சும்மா உட்கார்ந்து பாருங்கள், அது எவ்வளவு நேரம் என்று புரியும். அதற்குள் ஒரு வேகமான டாங்கி நான்கைந்து குண்டுகளைப் போட்டுவிடும். இரண்டாவது விலை, குறி. குறிவட்டம் ஆமை வேகத்தில் சுருங்கும். முழுதாகச் சுருங்கிய பிறகும் குண்டு நினைத்த இடத்துக்குப் போகும் என்று உத்தரவாதம் இல்லை. மூன்றாவது விலை, உருவம். டாங்கியின் தலைமேல் பீரோவைத் தூக்கி வைத்த மாதிரி ஒரு கோபுரம். ஒளிந்துகொள்ளப் புதர் தேடினால், புதர்தான் டாங்கிக்குப் பின்னால் ஒளிய வேண்டும்.

ஆக, ஒரு தடவை அடிக்க நான்கு தடவை அடி வாங்கத் துணிந்தவருக்கே இந்தப் பீரங்கி. குறி தவறினால் அடுத்த இருபது வினாடிக்கு அவர் வெறும் இரும்புக் குவியல். எதிரே இருப்பவருக்கும் வழி இருந்தது: முதல் குண்டை எப்படியாவது வீணாக்க வைத்துவிட்டுப் பாய்வது. கே.வி-2-வை எதிர்க்கக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

நிஜ டாங்கியின் கதை

இந்தக் குணங்கள் விளையாட்டுக்காக இட்டுக்கட்டியவை அல்ல. 1939 நவம்பர் 30-ல் சோவியத் யூனியன் பின்லாந்து மீது படையெடுத்தது. மானர்ஹைம் அரண் என்ற தற்காப்பு வரிசையில் இருந்த கான்கிரீட் பதுங்கு அறைகளும் தடைகளும் படையை நிறுத்திவிட்டன. சாதாரண டாங்கியின் சின்னப் பீரங்கியால் அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. லெனின்கிராடின் கிரோவ் தொழிற்சாலையில் கோட்டின் தலைமையில் இயங்கிய வடிவமைப்புக் குழு, கே.வி. டாங்கியின் உடல் மேல் 152 மி.மீ. ஹவிட்சரைத் தூக்கி வைத்தது. சில வாரங்களில் செய்த வேலை அது. அவசரம் அதன் வடிவத்திலேயே தெரியும்.

எடை சுமார் 52 டன். உள்ளே ஆறு பேர். குண்டு மட்டுமே சுமார் 40 கிலோ, ஏறக்குறைய ஒரு அரிசி மூட்டை. அதைத் தள்ளும் மருந்து தனி. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, குலுங்கும் இரும்பு அறைக்குள் நின்று நிரப்ப வேண்டும். விளையாட்டில் ஓடும் அந்த இருபது வினாடி, நிஜத்தில் இரண்டு மனிதர்களின் முதுகுவலி! சரிவில் நின்றால் அந்தக் கனமான கோபுரத்தைத் திருப்புவதே பெரும்பாடு.

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் யூனியனைத் தாக்கியபோது, லித்துவேனியாவின் ராசேனியாய் அருகே ஜெர்மானியர்கள் கே.வி. டாங்கிகளை முதல் முறையாகச் சந்தித்து அதிர்ந்தார்கள். அவர்களுடைய 37 மி.மீ. எதிர்ப்பு பீரங்கிக் குண்டுகள் கவசத்தில் பட்டுத் தெறித்தன. தனியாக நின்ற ஒரு கே.வி. டாங்கி, ஜெர்மன் 6-வது டாங்கிப் பிரிவின் ஒரு பகுதிக்குப் போகும் பாதையை மறித்துக்கொண்டு நின்ற கதை புகழ்பெற்றது. (அது கே.வி-1-ஆ, கே.வி-2-ஆ என்ற சண்டை வரலாற்று ஆர்வலர்களிடையே இன்னும் ஓயவில்லை.) ஆனால் பல கே.வி-2-கள் எதிரியிடம் தோற்கவில்லை. கியர் உடைந்தும் எரிபொருள் தீர்ந்தும் சாலையோரம் கைவிடப்பட்டன. அதே 1941-ல் உற்பத்தியும் நின்றுபோனது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்தப் பீரங்கி பிறந்ததே தடித்த சுவரை அடிக்க. மெல்லிய வண்டிகளை வேட்டையாட அல்ல.

பழைய கணக்கு

விளையாட்டின் பழைய விதி இதைத் தற்செயலாகவோ தெரிந்தோ காப்பாற்றி வைத்திருந்தது. வெடிகுண்டு துளைக்காமல் கவசத்தின் மேல் வெடித்தால், அதன் சேதத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, கவசத்தின் தடிமனை 1.1-ஆல் பெருக்கிக் கழிப்பார்கள். மீதி எதிரிக்கு.

ஓர் உதாரணம். எதிரே எட்டாம் நிலை டைகர்-2. அதன் முன்பக்கத் தகடு 150 மி.மீ. கே.வி-2-வின் வெடிகுண்டு துளைக்கக்கூடியது 86 மி.மீ. மட்டுமே. துளைக்க வாய்ப்பே இல்லை. ஆனால் கணக்குப் போட்டால்: 910-ல் பாதி 455. அதில் 165 போக மீதி 290. உள்ளே சிறப்புத் தடுப்பு எதுவும் பொருத்தாத டைகராக இருந்தால் சராசரியாக 290 புள்ளி போய்விடும்.

290 என்பது டைகரைக் கொல்லாது. ஆனால் டைகரை யோசிக்க வைக்கும். இரண்டு நிலை மேலே இருப்பவர், கீழே இருப்பவரைப் பார்த்து, "இவனால் என்னை ஒன்றும் செய்ய முடியாது" என்று நேரே நடந்து வர முடியாது. அந்தச் சிறு பயம்தான் ஆறாம் நிலைக்காரருக்கு ஆட்டத்தில் கிடைத்த இடம்.

2021-ல் நடந்தது

2021-ல் வந்த 1.13 பதிப்பு வெடிகுண்டு விதிகளை மாற்றியது. துளைக்காத வெடிகுண்டு தரும் சேதம் குறைக்கப்பட்டது. பதிலுக்கு, வேலி, மெல்லிய தகடு போன்ற தடைகளைத் தாண்டிப் போய் வெடிக்கும் வசதி தரப்பட்டது. ஆனால் துளைத்தால் கிடைக்கும் அந்தப் பெரிய ஜாக்பாட்? அதில் கை வைக்கவில்லை.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். மெல்லிய கவசம் கொண்ட டாங்கிக்கு கே.வி-2 பழையபடி எமன். ஒரே குண்டில் ஆட்டத்தை விட்டே போகிறார். தடித்த கவசம் கொண்டவருக்கோ கே.வி-2 முன்பைவிடச் சாது. வெடிகுண்டால் வெறுத்துப்போனவர்களைக் காப்பாற்றத்தான் மாற்றம் என்றால், அதிகம் வெறுத்துப்போகிறவர் யார்? 290 புள்ளி இழந்தும் ஆட்டத்தில் நிற்பவரா, முழு உயிரும் போய் வேடிக்கை பார்ப்பவரா?

பீரங்கியின் குணமும் மாறியது. முன்பு அது மெதுவான, ஆனால் நம்பக்கூடிய ஆயுதம். பட்டால் கொஞ்சமாவது கிடைக்கும். இப்போது அது லாட்டரிச் சீட்டுக்கு நெருங்கிவிட்டது. விழுந்தால் பம்பர், இல்லையென்றால் சில்லறை. லாட்டரி கையில் இருப்பவர் என்ன செய்வார்? பரிசு விழும் இடத்தைத்தான் தேடுவார். தடித்த டாங்கியை விட்டுவிட்டு மெல்லியவற்றைத் துரத்துவார். சுவரை உடைக்கப் பிறந்த பீரங்கி கோழி பிடிக்கப் போனது!

எதிர்வாதம்

தடித்த டாங்கிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை ஒதுக்கக் கூடாது. கவசத்தை எந்தக் கோணத்தில் திருப்பி வைப்பது, எந்தப் பகுதியை மறைப்பது என்று மாதக்கணக்கில் கற்றுக்கொள்கிறார்கள். அத்தனையையும் சரியாகச் செய்த பிறகும், எங்கோ பட்ட வெடிகுண்டு 290 புள்ளியைப் பிடுங்கிக்கொண்டு போனால் எரிச்சல் வராதா? "கற்ற வித்தைக்கு என்ன மரியாதை?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான்.

ஆனால் பழைய கணக்கிலேயே அந்த மரியாதை இருந்தது. துளைத்திருந்தால் 910. கவசம் தடுத்ததால் 290. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கவசம் காப்பாற்றிவிட்டது. மிச்சத்துக்கும் விலையாகச் சுட்டவர் இருபது வினாடி வெறுங்கையோடு நிற்கிறார். அந்த இருபது வினாடியில் டைகர்-2 திருப்பி அடிக்கலாம், அடிக்கும். பதில் சொல்ல வாய்ப்பு உள்ள அடியும் பதில் சொல்ல முடியாத அடியும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது இலவச விளையாட்டு. ஆனால் எட்டாம் நிலையில் காசு கொடுத்து வாங்கும் டாங்கிகள் ஏராளம். தடித்த கவசத்துக்குப் பேர்போன ஆப்ஜெக்ட் 252யு 'டிஃபெண்டர்' அப்படி விற்கப்பட்டதுதான். கே.வி-2-வோ பைசா செலவில்லாமல், ஆடி ஆடியே எடுக்கக்கூடியது. விடுதி அறையில் பழைய கணினியை வைத்துக்கொண்டு, பரீட்சை முடிந்த இரவில் ஆடும் மாணவருக்கு அது கைக்கெட்டும் ஆயுதம். காசு கொடுத்தவரை ஜெயிக்க வைக்கத்தான் விதியை மாற்றினார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் விளைவு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்க்க ஆதாரம் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

செய்திருக்க வேண்டியது

தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். உச்சியை வெட்டி, அடியை உயர்த்தியிருக்கலாம். துளைத்தால் வரும் 910-ஐக் குறைத்து, ஆறாம் நிலை டாங்கி ஒரே குண்டில் சாகாமல் உயிர் ஊசலாடத் தப்பிக்கும்படி வைத்திருக்கலாம். பதிலுக்கு, துளைக்காதபோது கிடைக்கும் சேதத்தைத் தொடாமல் விட்டிருக்கலாம். 25 சதவீதப் பகடையை இந்தப் பீரங்கிக்கு மட்டும் சுருக்கியிருந்தாலே பாதி புலம்பல் அடங்கியிருக்கும்.

அப்படிச் செய்தால் கே.வி-2-வின் வேடிக்கை போய்விடும் என்பார்கள் சிலர். ஒரே குண்டில் எதிரி பறப்பதைப் படம்பிடித்துப் போடும் காணொளிகள் குறையும்தான். அந்தக் காணொளிகளில் சுட்டவரின் சிரிப்பு மட்டுமே கேட்கும். மறுமுனையில் இருப்பவர் யார், எத்தனை நாள் ஆடி அந்த டாங்கியை எடுத்தார் என்பது எந்தக் காணொளியிலும் வராது. ஒருவருக்கு இருபது வினாடிக் கொண்டாட்டம், இன்னொருவருக்கு ஆட்டமே இல்லை என்றால் அது எப்படி இருவர் ஆடும் விளையாட்டாகும்?

எந்த விளையாட்டிலும் பெரியவனோடு சின்னவன் மோத வேண்டி வரும். ஜெயிக்க வேண்டும் என்று சின்னவன் கேட்கவில்லை. தன் அடியும் கணக்கில் வர வேண்டும் என்றுதான் கேட்கிறான். கே.வி-2-வின் அவலட்சணமான பெரிய பீரங்கி பல ஆண்டுகள் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது: 290, 290 என்று.