பாராட்டு விழா மேடையில் சமையலருக்கும் ஒரு நாற்காலி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே எங்கள் மங்கலம் பக்கம் ஃப்ளெக்ஸ்கள் முளைத்துவிடும். பள்ளி வைப்பது ஒன்று. சாதிச் சங்கம் வைப்பது இன்னொன்று. இரண்டாவதில், நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை 'நம் சமுதாயத்தின் பெருமை' ஆகிவிடுகிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வெற்றியைக் கொண்டாட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் படித்தவர்கள் அவர்கள். அப்பா விசைத்தறி ஓட்டுவார். அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவார். ஆர்டர் அவசரம் என்றால் இரவு வரை வேலை. அப்படிப்பட்ட வீட்டில் முதல் ஆளாகப் பத்தாவது தேறுகிற பிள்ளையின் 300 மதிப்பெண், டியூஷன் வைத்துப் படித்த பிள்ளையின் 480-க்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஆனால் இது எந்தச் சாதியின் வெற்றி? பாடம் நடத்திய ஆசிரியர், வகுப்பறை கூட்டியவர், மதியம் சோறு போட்டவர் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. சாதி இந்தப் பங்கை ஏற்காது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2018 ஜூலையில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப்பள்ளியில் பாப்பாள் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டார்கள். அவர் அருந்ததியர் என்பது மட்டுமே காரணம். அதிகாரிகள் தடுத்தவர்களை விட்டுவிட்டு அவரை இடமாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே அந்த உத்தரவு ரத்தானது. 6 பேருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது 2025 நவம்பரில். நீதிக்கு ஏழு ஆண்டுகள்!

பிள்ளைகளின் சோற்றுப் பானையில் தீட்டுப் பார்க்கிற சாதிக்கு, அவர்களின் மதிப்பெண்ணில் என்ன உரிமை?

மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. பள்ளி ஃப்ளெக்ஸும் மூன்று முகங்களோடு நிற்க வேண்டியதில்லை. தேறிய எல்லோர் பெயரையும் போடலாம். தேறாதவர்களைத் துணைத் தேர்வுக்குத் தயார்செய்ய, படித்த நாம் மாலையில் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம். பனியன் கம்பெனிச் சம்பளம் கைக்கு வந்துவிட்டால் பிறகு அவர்களைப் பள்ளிக்குத் திருப்புவது கடினம்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிப் பாராட்டு விழாவில் சாதிச் சங்கத்தின் சால்வையும் பரிசுத் தொகையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சத்துணவு சமைக்கும் அக்காவை மேடையேற்றி, அவர் கையால் பரிசு கொடுக்கச் சொல்லுங்கள்.