நடந்து போனவரின் கணக்கு

அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தில் எவ்வளவு மோகமோ, அவ்வளவு மோகம் அதன் கணக்குகளிலும் உண்டு. அவற்றில் வெகு காலம் கொடி கட்டிப் பறந்தது 'பாட்டிங் ஆவரேஜ்'. கிரிக்கெட் சராசரி வேறு, இது வேறு. ஒருவர் ஆடிய தடவைகளில், நூற்றுக்கு எத்தனை தடவை பந்தை அடித்து பேஸைப் பத்திரமாய் அடைந்தார் என்பதே இது. முப்பது வந்தாலே கெட்டிக்காரர்.

1941-ம் வருஷம் பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் கோஷ்டியின் டெட் வில்லியம்ஸ் 456-க்கு 185 அடித்தார், நாற்பதுக்கும் மேல்! அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் அதன் பிறகு எவரும் ஒரு முழுப் பருவத்தில் நாற்பதை எட்டியதில்லை.

ஆயினும் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று மறைந்து கிடந்தது. எறிபவர் நான்கு பந்துகளை எல்லைக்கு அப்பால் எறிய, அடிப்பவர் ஆசைப்படாமல் விட்டுவிட்டால், முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். வில்லியம்ஸ் 147 முறை இப்படி நடந்தார். பழைய சராசரியில் இவை ஆடிய தடவையாகக்கூடச் சேர்வதில்லை. இவற்றோடு, பந்து மேலே பட்டதால் கிடைத்த மூன்றையும் கூட்டினால், மட்டை பிடித்த 606 தடவையில் 335 தடவை அவர் பேஸை அடைந்திருக்கிறார், நூற்றுக்கு 55. இந்தக் கணக்கு அதிகாரபூர்வமானது 1984-ல்தான்.

அவ்வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர் பரிசோ, 291-க்கு 254 என்ற வாக்குக் கணக்கில், நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்குப் போயிற்று. தொடர்ந்து 56 ஆட்டங்களில் அடித்தவர் அவர். அவருடைய கோஷ்டியே முதலிடமும் பெற்றது. ஆகவே தீர்ப்பை அநியாயம் என்று சொல்ல நாம் துணியோம். ஆனால் மட்டையை மட்டும் எடைபோட்டால், அவர் பேஸை அடைந்தது நூற்றுக்கு 44 தடவைதான். தினம் ஓர் அடி என்றால் பத்திரிகைக்குத் தலைப்பு; பொறுமையாய் விட்ட பந்து தலைப்பாகுமா?

இன்னொரு கோணலும் உண்டு. பழைய சராசரிக்கு ஹோம்ரனும் ஒன்று, ஒரு பேஸ் அடியும் ஒன்று. ஒரு மார்க் கேள்வியையும் பத்து மார்க் கேள்வியையும் ஒரே மாதிரி திருத்தும் உபாத்தியாயரை எந்தப் பெற்றோர் பொறுப்பார்கள்? இதைச் சீர்செய்ய டாம் டாங்கோ என்னும் ஆராய்ச்சியாளர் 'வோபா' என்ற அளவை வகுத்தார். ஒவ்வொரு செய்கையும் சராசரியாக எவ்வளவு ஓட்டத்துக்கு வழி செய்கிறது என்று பல்லாயிரம் ஆட்டங்களைப் பார்த்து மதிப்பிடுவது அது. ஹோம்ரனுக்குச் சுமார் 2; நான்கு பேஸ்களைக் கடந்தாலும், ஒரு பேஸ் அடியைப் போல் நான்கு மடங்கு பெறவில்லை, பாருங்கள். ஒரு பேஸ் அடிக்குச் சுமார் 0.9. வெறுமனே நடந்து போவதற்கு? சுமார் 0.7! வில்லியம்ஸின் அந்த 147-ஐ நேயர்கள் இப்போது பெருக்கிப் பார்க்கலாம்.