லூப்பஸ் பொண்ணுங்களுக்குக் கத்திரிக்காய் குடுங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல யாருக்காவது லூப்பஸ் இருந்தா முழுசா படிங்க.

மேட்டுப்பாளையத்துல என்கிட்ட வர்ற லூப்பஸ் நோயாளிகள்ல பெரும்பாலானவங்க இளம் பெண்கள். உலகம் பூராவுமே பத்துல ஒன்பது பேர் பெண்கள்தான். கூட வர்ற அம்மா முதல்ல கேட்பாங்க: "ஏனுங்க டாக்டர், கத்திரிக்காய் குடுக்கலாமுங்களா?" அம்மா வெளிய போனப்புறம் பொண்ணு மெதுவா கேட்கும்: "முகமெல்லாம் உப்பிப் போச்சுங்க. அந்த மாத்திரைய நிறுத்திக்கட்டுமா?"

அம்மாவுக்குப் பதில்: தாராளமா குடுங்க. கத்திரிக்காய், கடலை, மீனையெல்லாம் நிறுத்தினா லூப்பஸ் அடங்கும்கிறதுக்கு ஆதாரம் இல்லை. கருவாடு, ஊறுகாய் வேற கணக்கு. சிறுநீரகம் பாதிச்சிருந்தா, பி.பி. இருந்தா உப்பு ஆகாது. விதிவிலக்கு ஒண்ணு உண்டு. அல்ஃபால்ஃபா முளைகளைத் தின்ன குரங்குகளுக்கு லூப்பஸ் மாதிரி நோய் வந்ததை 1982-லேயே எழுதிட்டாங்க. நம்ம சமையல்ல அது கிடையாது. ஆனா ஆன்லைன்ல "சத்துப் பொடி"ன்னு விக்கிறாங்க. வாங்காதீங்க.

பொண்ணோட கேள்விதான் எனக்கு பயம். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், உப்பையும் நீரையும் உடம்புல நிறுத்தும், கொழுப்பை முகத்துக்கும் வயித்துக்கும் கொண்டுபோகும். "தின்னு தின்னு பெருத்துட்டா"ன்னு பேசற சொந்தக்காரங்களுக்கு இது தெரியாது. அந்தப் பேச்சு தாங்காம மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா, அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாம பி.பி. தடால்னு விழலாம். அடங்கியிருந்த நோயும் கிளம்பி சிறுநீரகத்துல கை வைக்கலாம்.

அப்போ எடை முக்கியமில்லையா? ரொம்ப முக்கியம். எடை கூடினா நோயே தீவிரமாகுமான்னு கேட்டா ஆய்வுகள் ஒத்துப்போகல. சோர்வும் வலியும் கூடுது, அது நிச்சயம். அதைவிட இதயம். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் ஆய்வு, 1997: 35-44 வயசு லூப்பஸ் பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு, அதே வயசு மற்ற பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல.

நல்ல சேதியும் இருக்கு. 2012-ல பிரிட்டன்ல ஒரு சின்ன ஆய்வு: ஸ்டீராய்டு எடுக்கிற 23 லூப்பஸ் பெண்கள், ஆறே வாரம், ரெண்டு விதமான உணவு முறை. ரெண்டு குழுவுக்கும் எடை குறைஞ்சது, சோர்வும் குறைஞ்சது, நோய் கிளம்பல. மாத்திரை எடுத்துக்கிட்டே எடை குறையும்னு இதைவிட எப்படிச் சொல்றது?

நம்மூருக்கு என் யோசனை: அரிசிம்பருப்பு சாதத்துல அரிசியைக் குறைச்சு பருப்பைக் கூட்டுங்க. கொள்ளு நல்லது, ஆனா கொள்ளு ரசம் மட்டும் எடையைக் கரைக்காது. சாயங்காலம் பேக்கரி டீயும் தேங்காய் பன்னும்தான் கோயமுத்தூர்க்காரங்களோட நிஜப் பிரச்சனை, மன்னிச்சுக்குங்க. நடக்கிறது வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. லூப்பஸுக்கு வெயில் ஆகாது. சிறுநீரகம் பாதிச்சவங்க பருப்பு அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

என் சக டாக்டர்களுக்கும் ஒண்ணு: ஸ்டீராய்டு எழுதற அன்னிக்கே சாப்பாட்டைப் பத்தியும் பேசுங்க. பொண்ணுங்க எடை போட்டு அழுதுக்கிட்டு வந்தப்புறம் பேசறது லேட்டு. முடிஞ்சவரை ஸ்டீராய்டை தினம் 5 மி.கி. அல்லது அதுக்குக் கீழ கொண்டுவரணும்னுதான் 2023 ஐரோப்பிய வழிகாட்டுதலும் சொல்லுது.

அதனால அடுத்த தடவை வரும்போது, "நிறுத்தட்டுமா"ன்னு கேட்காதீங்க. "எப்போ குறைப்பீங்க, எவ்வளவு குறைப்பீங்க?"ன்னு கேளுங்க. எடையையும் எழுதிக்கிட்டு வாங்க; ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் அளவை அதை வெச்சுத்தான் கணக்குப் போடறோம்.