லாரிக்குள்ள என்ன இருக்கு?

ஜிபிஎஸ் வந்தாச்சு, இனிமே எதுக்கு இந்த சர்வே கிர்வே எல்லாம்னு எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு கோஷ்டி பேசிக்கிட்டுத் திரியுது. ஆராய்ச்சிங்கற பேர்ல அமெரிக்க சரக்குக் கணக்கோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கறவன்ங்கற முறையில எனக்கு இது சரியாப் படலை மக்களே.

ஜிபிஎஸ் என்ன சொல்லும்? ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி எந்த ஹைவேல என்ன வேகத்துல போச்சுன்னு புட்டுப் புட்டு வைக்கும். உள்ள இருக்கறது தக்காளியா, டிவியா, இல்ல காலி வண்டியா? மூச்! அதை சரக்கு அனுப்பினவர்தான் சொல்லணும். அவங்களைக் கேக்கறதுக்குன்னே இங்க அரசாங்க சர்வே ஒண்ணு இருக்கு. 1993-ல ஆரம்பிச்சு, 1997-லேர்ந்து 5 வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குது. காலாண்டுக்கு ஒரு வாரம் அனுப்பின சரக்குல கொஞ்சத்தை எடுத்து, என்ன பொருள், எவ்ளோ எடை, என்ன விலை, எந்த ஊருக்குன்னு எழுதித் தரணும். எந்த ரோடு வழியாப் போச்சுங்கறது மட்டும் இருக்காது (அனுப்பினவருக்கே தெரியாதே!). பண்ணையிலேர்ந்து கிளம்பற முதல் லோடும் இதுல சேராது.

லாரி கம்பெனியையே கேக்கலாமேன்னு தோணும். ஒரு கம்பெனிக்கு மெயில் போட்டேன். யாருக்கு என்ன ஏத்தறோம்னு தெரிஞ்சா போட்டிக்காரன் கஸ்டமரைத் தள்ளிக்கிட்டுப் போயிடுவான்னு பதில். நியாயமான பயம்தான். அதனாலதான், சட்டப்படி ரகசியம் காக்கற அரசாங்கம்தான் கேக்கணும்ங்கறேன்.

ஆனா அரசாங்கம் என்ன பண்ணிச்சு? எத்தனை அச்சு, எவ்ளோ மைல், அதுல எவ்ளோ காலியா ஓடினதுன்னு வண்டி வச்சிருக்கறவங்களைக் கேக்கற இன்னொரு சர்வே 1963-லேர்ந்து இருந்துச்சு. 2002-க்கு அப்புறம் காசில்லைன்னு நிறுத்திட்டாங்க. மறுபடி நடந்தது 2021-ல. 19 வருஷம்! ஆன்லைன் கடைங்க ஊரையே மாத்தின காலம் பூரா 2002 கணக்கை வச்சு ஜவ்வா இழுத்துக்கிட்டு இருந்தோம். அச்சு எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு சேதம் கிட்டத்தட்ட 16 மடங்குன்னு ஒரு கணக்கு உண்டு. எந்த லாரி எவ்ளோ எடையோட எத்தனை மைல் ஓடுதுன்னே தெரியாம, ரோடு ரிப்பேர் செலவை யார் தலையில கட்டறது? கார் வச்சிருக்கறவன் தலையிலயா?

சர்வேக்கு ஆகற செலவு, ஒரு ஹைவேயைத் தப்பான இடத்துல போடற செலவுக்கு முன்னாடி ஜுஜுபி. ஃபார்ம் நிரப்பறவங்களுக்குத்தான் பேஜார், அது வாஸ்தவம். லாரி ஆபீஸ், குடோன் பக்கம் வேலை பாத்த பதிவர்கள் இருந்தா, எத்தனை கேள்வி வரைக்கும் பொறுமையா நிரப்புவீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க :-)