தனியாப் போறது தப்பில்லைங்க

"தனியாவா? அதுவும் பாலைவனத்துக்கா?" யூட்டா பக்கம் கிளம்பறேன்னு சொன்னாலே தங்கமணியில இருந்து ஆபீஸ் நண்பர் வரைக்கும் கேக்கற கேள்வி. அடுத்த வரி: "127 ஹவர்ஸ் படம் பாக்கலையா நீ?" பாத்தேன் சாமி. 2010லயே, நம்ம ரஹ்மான் இசைன்னு ஓடிப்போய்ப் பாத்தேன்.

ஸயான் பூங்காவுக்கு வருஷத்துக்கு நாப்பது லட்சம் பேருக்கு மேல வர்றாங்க. ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏறணும்னா 2022ல இருந்து குலுக்கல்ல பேர் விழணும். ஷட்டில் பஸ்ஸுக்கு திருப்பதி க்யூ தோத்துடும். அங்கேர்ந்து கிழக்கே எஸ்கலான்டே பக்கம் போய், மண் ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு நடந்தா, மனுஷ வாடையே இல்லாத கேன்யன்கள் இருக்கு. (பேர் சொல்ல மாட்டேன், கோச்சுக்காதீங்க.) செவப்புப் பாறை ரெண்டு பக்கமும் தோளை இடிக்கும். மேல ஒரு அண்டங்காக்கா பறந்தா றெக்கை சத்தம் தெளிவாக் கேக்கும். கூட ஒரு ஆள் இருந்தா பேச்சுல அது போயிடும்.

சரி, ஆபத்து? 2003 ஏப்ரல்ல ஆரன் ரால்ஸ்டன் ப்ளூ ஜான் கேன்யன்ல பாறைக்கு அடியில கை மாட்டி, அஞ்சு நாள் கழிச்சு கையையே அறுத்துக்கிட்டு வந்தார். கூட ஆள் இருந்திருந்தா ஓடிப்போய் உதவி கூட்டி வந்திருப்பாங்க, ஒத்துக்கறேன். ஆனா அவர் எங்க போறார்னு யார்கிட்டயும் சொல்லலை. என்னைக் கேட்டா தப்பு அதுதான், தனியாப் போனது இல்லை.

கூட்டம் காப்பாத்தும்னு நினைக்கறவங்களுக்கு: 1997 ஆகஸ்ட்ல அரிசோனா ஆன்டிலோப் கேன்யன்ல எங்கேயோ தூரத்துல பேஞ்ச மழை வெள்ளமா வந்து 11 பேரைக் கொண்டுபோச்சு. 2015 செப்டம்பர்ல ஸயான் கீஹோல் கேன்யன்ல ஏழு பேர் சேர்ந்தே போனாங்க, ஏழு பேரும் போயிட்டாங்க. தலைக்கு மேல இருவது அடி உசரத்துல பாறை இடுக்குல மரக்கட்டை சொருகி நிக்கும் பாருங்க, அது வெள்ளம் வெச்சுட்டுப் போனது. அதனால ஜூலை பாதியில இருந்து செப்டம்பர் வரைக்கும் நான் அந்த இடுக்குகள் பக்கமே போறதில்லை.

போன அக்டோபர்ல ஒரு எட்டடி பள்ளம் குறுக்க வந்துச்சு. குதிச்சிடலாம். திரும்ப ஏற முடியுமா? கூட ஒருத்தர் இருந்தா தோள் குடுப்பார், குதிச்சிருப்பேன். பத்து நிமிஷம் நின்னு பாத்துட்டு வந்த வழியே திரும்பிட்டேன். நண்பர் "பயந்தாங்கொள்ளி"ன்னார். இருக்கட்டும். தனியாப் போறவனுக்கு அந்த பயம்தான் துணை.

செல்போன் சிக்னல் கிடையாது. சாட்டிலைட் கருவிக்குக் கூட திறந்த வானம் வேணும், இடுக்குக்குள்ள ஒரு கீத்து வானம்தான் தெரியும். அதனால துண்டுச் சீட்டுதான்: எந்த கேன்யன், வண்டி எங்க நிக்கும், எத்தனை மணிக்குள்ள போன் வரலைன்னா ஷெரிஃபைக் கூப்பிடணும். முதல் தடவை அதை மளிகை லிஸ்ட் பக்கத்துல ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டு தங்கமணி கேட்டாங்க: "எட்டு மணின்னா கலிஃபோர்னியா எட்டா, யூட்டா எட்டா?"

திருதிருன்னு முழிச்சேன். இப்பல்லாம் அதையும் எழுதிடறேன் :-)